சிறு பதிப்பகத்தின் ஃபேன்டஸி தொகுப்புக்குக் கதை அனுப்புவது எப்படி?

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதிய ஃபேன்டஸி சிறுகதைகள் நான்கைந்து கையில் இருக்கின்றன. ஒரு சிறு பதிப்பகம் தொகுப்பு நூலுக்குக் கதை கேட்டு அறிவித்திருக்கிறது. இதுவரை எங்கும் அனுப்பியதில்லை. எப்படி அனுப்ப வேண்டும்? எதை அனுப்ப வேண்டும்? பணம் ஏதாவது கிடைக்குமா?

பதில்:

பணத்தைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதல் கதை அனுப்புகிற பலரும் இப்படித்தான். அந்த இரண்டையும் பிறகு பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். தொகுப்பாசிரியர் செய்துகொண்டிருப்பது ஒரு புத்தகம். வந்த கதைகளுக்கு மதிப்பெண் போட்டு, மேலே இருக்கும் பதினெட்டை எடுத்துக்கொள்கிறார் என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். வேலை அப்படி நடப்பதில்லை.

பத்திரிகைக்கு வரும் நல்ல கதை இந்த மாதம் பொருந்தாவிட்டால் அடுத்த மாதம் போகும். தொகுப்புக்கு அடுத்த மாதம் கிடையாது. மொத்தம் 80,000 சொல், 90,000 சொல் என்று ஓர் அளவு. அதற்குள் பதினைந்து முதல் இருபது கதைகள். ஒரு டிராகன் கதையை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், இரண்டாவதாக வரும் டிராகன் கதை அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தாலும் தொகுப்பாசிரியருக்குத் தலைவலிதான். எடுத்தவற்றில் ஏழு கதைகள் மரணத்தில் முடிகின்றன என்றால், எட்டாவது மரணத்துக்கு இடமில்லை. வாசகர் மூச்சுவிட ஒரு வேடிக்கையான கதை வேண்டும். எல்லாமே தன்மைக் கூற்றில் இருந்தால் படர்க்கையில் ஒன்று வேண்டும். எல்லாமே நீளமாக இருந்தால் 1,500 சொல்லில் ஒன்று வேண்டும். உங்கள் கதை எடுக்கப்படுவதும் திரும்பி வருவதும் பாதி இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது. அந்தக் கணக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அறிவிப்பை ஒழுங்காகப் படித்தால் அதில் ஒரு பகுதியை ஊகிக்கலாம்.

அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை இடம் உண்மையிலேயே திறந்திருக்கிறது என்பது. பல சிறு பதிப்பகங்கள் கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டு நிதி வழியாகத்தான் தொகுப்பு கொண்டுவருகின்றன. வாசகர்களிடம் முன்பணம் திரட்ட அட்டையில் போடத் தெரிந்த பெயர்கள் வேண்டும். எனவே சில எழுத்தாளர்களை முன்பே அழைத்துவிடுவார்கள். மிச்ச இடத்துக்குத்தான் பொது அறிவிப்பு. இதில் தவறு எதுவும் இல்லை, வெளிப்படையாகச் சொன்னால் போதும். கிக்ஸ்டார்ட்டரில் இலக்குத் தொகை எட்டாவிட்டால் ஒரு பைசாவும் பதிப்பகத்தின் கைக்கு வராது, திட்டம் அங்கேயே நின்றுபோகலாம். ஆகவே நிதி திரட்டி முடித்துவிட்டார்களா, இனிமேல்தானா என்று பாருங்கள்.

அடுத்தது கருப்பொருள். கடல் என்று ஒரு தொகுப்புக்குக் கதை கேட்டால் வருகிறவற்றில் பெரும்பகுதி கடற்கன்னி. கதவு என்று கேட்டால் வேறு உலகத்துக்குத் திறக்கும் கதவு. சில தொகுப்புகளுக்கு வந்து குவிந்த கதைகளை முதல் சுற்றில் படிக்கும் வேலையை நான் செய்திருக்கிறேன். அங்கே ஒரு கதையின் முதல் பத்தியைப் படிக்கும்போதே கடைசிப் பத்தி தெரிந்துவிடும், காரணம் காலையிலிருந்து அதே கதையை வேறு வேறு பெயர்களில் படித்துக்கொண்டிருப்போம். அறிவிப்பைப் படித்ததும் முதலில் தோன்றும் யோசனையை ஒதுக்கிவையுங்கள். இரண்டாவதையும் சந்தேகப்படுங்கள். மூன்றாவதிலிருந்துதான் உங்களுடையது தொடங்கும். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்ற இணைய இதழ், தாங்கள் அளவுக்கு மீறிப் பார்த்துவிட்ட கதைகள் என்று ஒரு பட்டியலையே பொதுவில் வைத்திருக்கிறது. அதைப் படிப்பது ஒருபக்கம் சிரிப்பாகவும் ஒருபக்கம் வயிற்றைக் கலக்குவதாகவும் இருக்கும், நம் கதை நிச்சயம் அதில் எங்கேயாவது இருக்கும்.

அதற்காகக் கருப்பொருளிலிருந்து வெகுதூரம் ஓடிவிடவும் கூடாது. கடல் தொகுப்புக்குப் பாலைவனக் கதை அனுப்பி, கடைசி வரியில் ‘மணலும் ஒரு கடல்தானே’ என்று முடித்தால் வேலைக்கு ஆகாது. பழைய கதையில் நாலு வாக்கியத்தைச் செருகிக் கருப்பொருளுக்கு இழுத்தாலும் தையல் தெரியும். கருப்பொருளை எடுத்துவிட்டால் கதை நிற்கவே முடியாது என்ற நிலையில் இருப்பதுதான் பொருந்தும் கதை.

ஃபேன்டஸியில் முதல் பக்கம் தனிப் பிரச்சினை. உலகத்தை நாம் கட்டியிருக்கிறோம், அதன் வரலாறு, அரச வம்சம், மாயத்தின் சட்டதிட்டம் எல்லாம் நம் தலைக்குள் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும் என்று கை பரபரக்கும். நாவலில் அதைப் பொறுத்துக்கொள்கிற வாசகர் சிறுகதையில் பொறுக்க மாட்டார். வந்த கதைகளை முதல் சுற்றில் படிக்கும் முதல் வாசகர் இன்னும் பொறுக்க மாட்டார், அவருக்கு இன்றைக்கு முடிக்க வேண்டியது இன்னும் முப்பது கதை இருக்கும். முதல் பத்தியில் புதிதாகக் கண்டுபிடித்த பெயர்கள் நான்கு வந்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஓர் ஆள், அவருக்கு இப்போது வேண்டியது ஒன்று, அது கிடைக்காமல் தடுப்பது எது என்பது முதல் பக்கத்துக்குள் தெரிந்துவிட்டால் உலகம் தானாகப் பின்னாலேயே வரும். இன்னொன்று, எழுதிக்கொண்டிருக்கும் நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை வெட்டி அனுப்பாதீர்கள். அது கண்டிப்பாகத் தெரிந்துவிடும். முடிவே இருக்காது, மூன்று துணைப் பாத்திரங்கள் காரணமில்லாமல் வந்துபோவார்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு நடைமுறைக் கருத்து. இந்தத் துறையில் 7,500 சொல்லுக்கு உட்பட்டதைச் சிறுகதை என்கிறார்கள், ஹியூகோ விருதின் கணக்கும் அதுதான். அறிவிப்பில் 6,000 வரை என்று போட்டிருந்தால் 6,000 எழுதலாம், தடையில்லை. ஆனால் பெயர் தெரியாத எழுத்தாளரின் 6,000 சொல் கதை, புத்தகத்தில் இரண்டு 3,000 சொல் கதைகளின் இடத்தையும் பணத்தையும் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அது நன்றாக இருக்க வேண்டும். 3,500, 4,000 சொல்லில் முடியும் கதைக்கு இடம் கிடைப்பது எளிது. உச்சவரம்பைத் தாண்டுவதோ கேட்கவே வேண்டாம். நூறு சொல் கூடினால் யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்கலாம், கணினி எண்ணிவிடும்.

பிரதியைத் தயாரிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வில்லியம் ஷன் என்ற எழுத்தாளர் இணையத்தில் வைத்திருக்கும் மாதிரி வடிவத்தைத்தான் பெரும்பாலான ஆங்கிலப் பதிப்பகங்கள் கேட்கின்றன: 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், ஒவ்வொரு பக்கத் தலையிலும் குடும்பப் பெயர், தலைப்பு, பக்க எண். அறிவிப்பில் வேறு மாதிரி கேட்டிருந்தால் அதுதான் சட்டம். பெயர் தெரியாமல் படிக்கிறோம் என்று சொல்லியிருந்தால் முதல் பக்கத்திலும் பக்கத் தலையிலும் பெயரை எடுப்பதோடு விடாதீர்கள். கோப்பின் பெயரிலும் கோப்புக்குள் மறைந்திருக்கும் ‘ஆசிரியர்’ விவரத்திலும் பெயர் இருக்கும், அதையும் அழிக்க வேண்டும்.

உடன் அனுப்பும் கடிதத்துக்கு ஆட்கள் கதையைவிட அதிகம் கவலைப்படுகிறார்கள். ‘வணக்கம். உங்கள் தொகுப்புக்காக 3,800 சொற்கள் கொண்ட இந்தக் கதையை அனுப்புகிறேன். இது இதற்குமுன் எங்கும் வெளியாகவில்லை, வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை. நேரம் ஒதுக்குவதற்கு நன்றி’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் முடிந்தது. தொகுப்பாசிரியரின் பெயரைச் சரியாக எழுதுங்கள். ஏற்கெனவே கதைகள் வந்திருந்தால் இரண்டு மூன்றைச் சொல்லலாம். இல்லையென்றால் அதைப் பற்றிப் பேச வேண்டாம், ‘நான் புதியவன், பிழை பொறுக்கவும்’ என்ற மன்னிப்பும் வேண்டாம். கதைச் சுருக்கம், கதையின் உட்பொருள், மனைவிக்குப் பிடித்திருந்த தகவல் எதுவும் தேவையில்லை. பலர் கதையைப் படித்த பிறகுதான் கடிதத்தையே பார்க்கிறார்கள்.

இரண்டு விதிகளைப் புதியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு அனுப்புவது ஒன்று. ஒரே இடத்துக்குப் பல கதைகளை அனுப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி உண்டா என்று அறிவிப்பில் தனித்தனியாகச் சொல்லியிருப்பார்கள். முதலாவதற்கு அனுமதி இருந்து வேறோர் இடத்தில் கதை ஏற்கப்பட்டுவிட்டால் அன்றைக்கே மற்ற இடங்களுக்கு எழுதி விலக்கிக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் சத்தமில்லாமல் செய்துபார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இது சின்ன உலகம், தொகுப்பாசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள். செய்யாதீர்கள். உங்கள் வலைப்பூவிலோ வாட்பேடிலோ எல்லோரும் படிக்கும்படி போட்ட கதை ‘ஏற்கெனவே வெளியானது’ என்ற கணக்கில் வரும். கடவுச்சொல் வைத்த எழுத்தாளர் குழுவுக்குள் கருத்துக் கேட்கப் பகிர்ந்ததைப் பொதுவாக அப்படிக் கருதுவதில்லை.

இப்போதெல்லாம் கதையை எழுத செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி கேட்காத அறிவிப்பு அரிது. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளமாக வந்ததால் கதை வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். சின்ன எழுத்துப்பிழை திருத்தும் கருவி எந்தப் பக்கம் சேரும் என்று ஐயம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அனுப்பியபின் காத்திருப்பு. தொகுப்பாசிரியர் புத்தகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார் என்பதால், கெடு முடிந்து சில மாதங்கள் ஆவது சாதாரணம். சீக்கிரமே ‘வேண்டாம்’ என்று வந்தால் முதல் வாசிப்பிலேயே கதை நின்றுவிட்டது. ‘உங்கள் கதையை அடுத்த சுற்றுக்கு வைத்திருக்கிறோம்’ என்று வந்தால் கதை நன்றாக இருக்கிறது, இனி நான் மேலே சொன்ன டிராகன் கணக்கு. அந்தச் சுற்றில் விழுந்த கதையைத் திருத்திக் கெடுக்காதீர்கள். அவர்கள் சொன்ன காலம் கடந்த பிறகு ஒரு வரியில் விசாரிக்கலாம். அதற்கு முன் கேட்பதில் பயனில்லை. நிராகரிப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதவே வேண்டாம்; நன்றிகூட எதிர்பார்க்கப்படுவதில்லை. வாதம் செய்து எழுதினால் பெயர் நினைவில் நிற்கும், ஆனால் தவறான காரணத்துக்காக.

நிராகரிக்கப்பட்ட தொகுப்புக் கதையை மறுநாளே இன்னோர் இதழுக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கட்சி. கடல் தொகுப்பு முடிவுகளை அறிவித்த வாரத்தில் எல்லா ஃபேன்டஸி இதழ்களுக்கும் கடற்கன்னிகள் நீந்தி வந்துசேர்வார்கள். எந்தத் தொகுப்பு கைவிட்ட கூட்டம் இது என்று ஆசிரியர்களுக்குப் புரிந்துவிடும். சில மாதம் கழித்து அனுப்பினால் அதே கதை தனியாகத் தெரியும்.

இனி ஒப்பந்தம். ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்ததும் வரும் சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். பதிப்புரிமை உங்களுடையதாகவே இருக்க வேண்டும். பதிப்பகம் வாங்குவது ஓர் உரிமம் மட்டுமே. சாதாரணமாக அது ஆங்கிலத்தில் முதல்முறையாக வெளியிடும் உரிமை, அச்சிலும் மின்னூலிலும். அதோடு, கதையை நீங்கள் வேறெங்கும் வெளியிடக் கூடாத ஒரு தனியுரிமைக் காலம் இருக்கும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்பது நியாயம். அந்தக் காலம் எப்போதிலிருந்து எண்ணப்படுகிறது என்று பாருங்கள். நூல் வெளியான நாளிலிருந்து என்று மட்டும் எழுதியிருந்து, நூல் வெளியாகவே இல்லை என்றால் உங்கள் கதை கிணற்றில் போட்ட கல். அதனால்தான் ‘கையெழுத்தான நாளிலிருந்து 18 அல்லது 24 மாதத்துக்குள் நூல் வராவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்’ என்ற வாசகம் அவசியம். சிறு பதிப்பகம் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். அவர்களில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டாலே திட்டம் நின்றுபோகும், அவர்களின் நல்லெண்ணத்தில் குறை இல்லாமலேயே. எனக்கு ஒப்பந்தத்தில் மிக முக்கியமான வாக்கியம் இதுதான், பணத்தொகையைவிட.

திரைப்படம், ஒலி நாடகம், மொழிபெயர்ப்பு, அந்தப் பாத்திரங்கள், அந்த உலகம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். கதையின் உலகத்தை நாளைக்கு நீங்கள் நாவலாக விரிக்க நினைத்தால் அது உங்களிடம் இருக்க வேண்டுமல்லவா? பலர் ஒரே உலகத்தை வைத்து எழுதும் பகிர்வுலகத் தொகுப்பு மட்டும் வேறு. அங்கே உலகம் அவர்களுடையது என்று முதலிலேயே தெரியும். ஆண்டின் சிறந்த கதைகள் என்று வரும் தொகுப்புகள் கேட்டால் தனியுரிமைக் காலத்திலும் கொடுக்கலாம் என்ற விலக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கேட்டுப்பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றக் கேட்டதற்காகக் கதையைத் திருப்பி அனுப்பும் பதிப்பகம் எப்படியும் நல்ல பதிப்பகம் இல்லை. மெய்ப்புப் பார்க்கும் வாய்ப்பும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் கதையில் பெரிய மாற்றம் செய்யமாட்டோம் என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, 1965இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அறிவியல்புனைவு, ஃபேன்டஸி எழுத்தாளர் சங்கமான எஸ்எஃப்டபிள்யூஏ இதழ்களுக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. தொகுப்புக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பணம் கிடைக்குமா என்றால், கிடைக்கும், கொஞ்சம். அதே சங்கம் தொழில்முறைச் சன்மானம் என்று வைத்திருக்கும் அளவு 2019 முதல் சொல்லுக்கு 8 அமெரிக்க சென்ட். 5,000 சொல் கதைக்கு 400 டாலர். இதைக் கொடுக்கும் சிறு பதிப்பகங்கள் குறைவு. சொல்லுக்கு ஒரு சென்ட், அதாவது அதே கதைக்கு 50 டாலர், அல்லது நீளம் எதுவானாலும் ஒரே சிறு தொகை என்பது பரவலாகக் காணப்படுவது. சில இடங்களில் ராயல்டி பங்கு மட்டும். கேட்க நன்றாக இருக்கும், கணக்குப் போட்டால் தெரியும். ஓர் உதாரணத்துக்கு, 300 பிரதி விற்று, பிரதிக்குச் செலவு போக 3 டாலர் நிற்கிறது, பாதி எழுத்தாளர்களுக்கு என்று வையுங்கள். 450 டாலரைப் பதினெட்டுப் பேர் பிரித்தால் ஆளுக்கு 25. அதுவும் ‘செலவு போக’ என்பதில் எந்தெந்தச் செலவு சேரும் என்று ஒப்பந்தம் சொன்னால்தான். முன்பணமாக ஒரு சிறு தொகையும் ஒரு அச்சுப் பிரதியும் கொடுப்பவர்களை நான் வெறும் ராயல்டி பங்கு சொல்பவர்களைவிட அதிகம் நம்புவேன்.

பணம் உங்களிடமிருந்து போகிற மாதிரி இருந்தால் விலகிவிடுங்கள். வாசிப்புக் கட்டணம், திருத்தக் கட்டணம், கதை வரவேண்டுமானால் இத்தனை பிரதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் எழுத்தாளரையே வாடிக்கையாளராக ஆக்கும் வியாபாரம். பதிப்பகத்தின் பெயரை ரைட்டர் பிவேர் தளத்தில் தேடுங்கள். 1998லிருந்து இப்படிப்பட்ட ஏமாற்றுகளை வெளிக்கொண்டுவரும் தளம் அது. அதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு. அந்தப் பதிப்பகத்தின் முந்தைய தொகுப்பு ஒன்றை வாங்கிப் படியுங்கள். பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா, அட்டை அவமானப்படுத்தாமல் இருக்கிறதா, ஒரு முறை எழுதியவர்கள் அடுத்த தொகுப்புக்கும் வந்திருக்கிறார்களா என்பது தெரியும். தொகுப்பாசிரியரின் ரசனையும் தெரியும். அறிவிப்பில் எழுத மறந்ததெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும்.

இனி, நான்கைந்தில் எதை அனுப்புவது? உங்களுக்கு மிகவும் பிடித்ததை என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கருப்பொருளை எடுத்தால் விழுந்துவிடும் கதை அவற்றில் ஒன்று இருந்தால் அதை அனுப்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்தத் தொகுப்பை விட்டுவிட்டு, கருப்பொருள் கேட்காத இதழ்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்குங்கள். எந்த இதழ் இப்போது கதை வாங்குகிறது, எவ்வளவு கொடுக்கிறது, பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பதையெல்லாம் சப்மிஷன் கிரைண்டர் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இதே வேலையைச் செய்யும் டியோட்ரோப் தளம் கட்டணம் கேட்கும். எந்தக் கதை எந்தத் தேதியில் எங்கே போனது, என்ன பதில் வந்தது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஏற்கப்பட்டால் தனியுரிமைக் காலம் முடியும் தேதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள், அன்றிலிருந்து மறுவெளியீட்டுக் கதை வாங்கும் இடங்களுக்கு அதே கதையை இன்னொரு முறை விற்கலாம்.